படிக்காமல் மடித்து வைத்த தாள்

போன வருடத்துக்கு முந்தைய வருடம், பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இடம், நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். மாலை நான்கு மணி இருக்கும். அன்றைக்கு என் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. அதை மாட்டிவிட்டது யார் என்று கேட்டால், என் வாய்தான் என்று சொல்ல வேண்டும்.

நான் தையல்காரி. கடைவீதியில் இரண்டு மெஷின் போட்டுச் சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் இருபது நாள் கழித்துத்தான் முகத்தைக் காட்டுவார். தனியாக இருக்கிறேனே என்று கடையில் ஒரு டிவி வாங்கி மாட்டிக் கொடுத்தார். அதில் நான் சீரியல் பார்த்ததே இல்லை. பள்ளியில் படித்தபோது மாவட்ட அளவில் கபடி ஆடியவள் நான். கல்யாணத்தோடு ஆட்டம் நின்றது, பைத்தியம் நிற்கவில்லை. டிவியில் கபடி லீக் தொடங்கிவிட்டால், விளக்கு வைத்ததும் என் கடையில் பத்துப் பதினைந்து பேராவது கூடிவிடுவார்கள். பாதிப்பேர் ஆட்டம் பார்க்க வருவார்கள், மீதிப்பேர் நான் நடுவரைத் திட்டுவதைக் கேட்க வருவார்கள்.

என்னை எதிர்த்து வாதாட ஒரே ஆள் பக்கத்துப் பாத்திரக்கடை பாய். வயதில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர், பொறுமைசாலி. ஒரு அணிக்கு மட்டும் எப்போதும் சாதகமாக ஊதுகிறார்கள், பணக்கார முதலாளி நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வளைத்துப் போட்டுவிட்டால் அது என்ன போட்டி, ரீப்ளேயில் பளிச்சென்று தெரிந்த பிறகும் தப்பை ஒத்துக்கொள்ளாதவன் எதற்கு நடுவர் என்று நான் கத்துவேன். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கத்துவதால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். பாய் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்.

"தீர்ப்புன்னா தீர்ப்புதாம்மா. அம்பயரும் மனுசன்தான். ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தா ஆட்டம் எப்ப முடியறது?"

"தப்புன்னு தெரிஞ்சா மைக்கைப் புடிச்சுச் சொல்லோணுங்க பாய். அதுல கௌரவம் என்ன கொறஞ்சா போயிரும்?" என்பேன் நான்.

இந்தச் சண்டை ஒரு முடிவுக்கும் வராமல் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் பொங்கல் விளையாட்டில் முதல்முறையாகப் பெண்களுக்கும் கபடி வைத்தார்கள். எங்கள் ஊர் அணிக்கும் வாழப்பாடிப் பக்கத்து அணி ஒன்றுக்கும் ஒரே ஆட்டம். ஜெயிக்கிற அணி சேலத்தில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகும். அங்கே கல்லூரிகளிலிருந்து ஆள் பார்க்க வருவார்கள், நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்பதால் இரண்டு பக்கப் பெண்களும் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்திருந்தார்கள். எங்கள் அணியில் பாடிப் போகிற முக்கியமான ரெய்டர் என் தங்கையின் மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மார்க் சுமார்தான். அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தது. ஏழு பேருடைய பனியனிலும் நம்பர் வைத்துத் தைத்துக் கொடுத்தவளே நான்தான்.

ஆட்டத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது, நடுவராக வரவேண்டிய விளையாட்டு ஆசிரியர் காய்ச்சலில் படுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. விழாக் கமிட்டித் தலைவர், மஞ்சள் மண்டிக்காரர், நேராக என்னிடம் வந்தார்.

"டிவியில வர்ற அம்பயரையெல்லாம் தெனமும் வறுத்தெடுக்கறயே அம்மிணி, இன்னைக்கு நீயே வந்து ஊது பாக்கலாம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் தங்கை மகள் ஆடுகிறாளே, சரியாக இருக்குமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். எதிரணித் தலைவியைக் கூப்பிட்டு அவளிடமே கேட்டார்கள். குள்ளமான பெண், முழங்காலில் கட்டு, இறுக்கிப் பின்னிய இரட்டை ஜடை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்லங்க, ரூல் தெரிஞ்சவங்க யார் ஊதினாலும் சரிதான்" என்றாள்.

ரூல் தெரிந்தவளா? எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

தலைவர் விசிலைக் கொடுத்தார். கூடவே ஒரு தாளையும் நீட்டி, இந்தப் போட்டிக்கான விதிகள் இதில் இருக்கின்றன, ஒருமுறை பார்த்துக்கொள் என்றார். மூன்றாய் மடித்து, இஞ்சு டேப் வைத்திருக்கும் இடுப்புப் பையில் செருகினேன். எனக்கா விதி சொல்லித் தருவது என்ற எண்ணம்தான். நடுவருக்கு எச்சரிக்கை அட்டை இல்லையே என்று ஞாபகம் வர, எதிரிலிருந்த என் கடைக்கு ஓடி, காலருக்கு வைக்கும் கேன்வாஸில் பச்சை, மஞ்சள், சிவப்புத் துணியை ஒட்டி மூன்று அட்டை வெட்டிக்கொண்டு வந்தேன். அட்டை வெட்ட நேரம் இருந்தது, தாளைப் படிக்க இல்லை.

நேரம் பார்க்கிற வேலை பாய்க்கு. போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, பழைய டைரி ஒன்றில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடக் கரும்பலகைதான் ஸ்கோர் போர்டு.

ஆட்டத்தை நான் நன்றாகத்தான் நடத்தினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தங்கை மகளுக்கு எதிராகவே இரண்டு முறை ஊதினேன். பார்த்தீர்களா, இப்படி நியாயமாக ஊத வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டேன். கடைசி இரண்டு நிமிடம் வந்தபோது கரும்பலகையில் இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. மைதானமே எழுந்து நின்றுவிட்டது.

டிவி லீக்கில் ஒரு விதி உண்டு, கபடி பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி எடுக்காமல் வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது ரெய்டில் கட்டாயம் புள்ளி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ரெய்டு போனவர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. டூ ஆர் டை என்பார்கள். வாழப்பாடிப் பெண்கள் இரண்டு ரெய்டு வெறுமனே போய்விட்டு வந்திருந்தார்கள். மூன்றாவதுக்கு அந்த இரட்டை ஜடைத் தலைவியே வந்தாள். "டூ ஆர் டை! டூ ஆர் டை!" என்று கூட்டம் கத்தியது. அவளோ அவசரமே படாமல் அப்படியும் இப்படியும் போக்குக்காட்டிவிட்டு, யாரையும் தொடாமல் நிதானமாகத் தன் பக்கம் திரும்பினாள்.

ஊதினேன். டிவியில் செய்வது மாதிரியே கையை நீட்டி அவளை வெளியே போகச் சொன்னேன். எங்கள் ஊருக்கு ஒரு புள்ளி. ஆரவாரத்தில் காது அடைத்தது. அவள் ஒன்றும் புரியாதவளாக என்னிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, அந்த ரூல் இதுல…"

முடிக்க விடவில்லை. அணித் தலைவி நடுவரிடம் கேள்வி கேட்கலாம், அது அவளுடைய உரிமை. அதைக்கூட மறந்து, நான் வெட்டிக்கொண்டு வந்த பச்சை அட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். இதற்கும் ஒரு கைதட்டல். அவள் வாயை மூடிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த நேரத்தை எங்கள் பெண்கள் ஓட்டிவிட்டார்கள். இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு. தங்கை மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். என் தங்கை ஓடிவந்து என் கன்னத்தைக் கிள்ளினாள்.

பரிசு கொடுக்க மேடையில் ஏற்பாடு நடந்தது. வியர்வை துடைக்கக் கைக்குட்டையைத் தேடி இடுப்புப் பைக்குள் கைவிட்டேன். அந்தத் தாள் கையோடு வந்தது. சும்மாதான் பிரித்தேன். ஐந்தாவது வரி: 'மூன்றாவது ரெய்டு விதி இப்போட்டியில் கிடையாது.'

இன்னொரு முறை படித்தேன். எழுத்து மாறவில்லை. அணிகளுக்கும் கொடுத்திருந்த இந்தத் தாளை அந்தப் பெண் படித்திருக்கிறாள். படித்ததால்தான் நிதானமாகத் திரும்பியிருக்கிறாள். அதைச் சொல்லத்தான் ஓடிவந்திருக்கிறாள். நான் அட்டை காட்டி விரட்டியிருக்கிறேன். சுற்றிலும் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லோரும் டிவி பார்த்துக் கபடி தெரிந்துகொண்டவர்கள்தானே! அவளோடு வந்திருந்தவர்கள்கூட, நடுவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாயிடம் போய்த் தாளைக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் தோணலையேம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆட்டம் முடிஞ்சுபோச்சு. யாருக்கும் தெரியாது. உன் தங்கச்சி புள்ளையோட படிப்பு இதுல இருக்குது. அம்பயர் தீர்ப்பு தீர்ப்புதான், விட்ரும்மா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வருடக்கணக்காகச் சொல்லிவந்ததைத்தான் அன்றைக்கும் சொன்னார். அப்படியானால் நான் சொல்லிவந்தது என்ன ஆவது? ஒரு கணம் எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது, பொய் சொல்லவில்லை. தங்கை மகளைப் பார்த்தேன். மேடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், பனியனில் நான் தைத்த ஏழாம் நம்பர். பிறகு அந்தப் பக்கம் பார்த்தேன். இரட்டை ஜடைக்காரி முழங்கால் கட்டை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது, சோற்றுத் தூக்கைத் திறந்து சாப்பிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

டிவியில் இருக்கிறவனை நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்! முடிவு செய்துவிட்டேன். யார் என்ன சொன்னாலும் சரி, சொல்லாமல் இந்த மைதானத்தை விட்டுப் போவதில்லை.

மேடையேறியபோது கோப்பை தங்கை மகள் கைக்குப் போய்விட்டது. மைக்கை வாங்கினேன். நானும் பாராட்டிப் பேசப் போகிறேன் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். குரல் நடுங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். கடைசியாக நான் கொடுத்த அவுட் தப்பு, இந்தப் போட்டியில் அந்த விதியே கிடையாது, விதித் தாளை நான் படிக்கவில்லை, கேட்க வந்த தலைவிக்கு அட்டை காட்டியதும் என் தப்புதான் என்று தாளைத் தூக்கிக் காட்டினேன்.

மைதானத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. தலைவர் மைக்கைப் பிடுங்காத குறையாக என் பக்கம் வந்தார்.

"ஏனம்மிணி, கப்பைக் குடுத்ததுக்கு அப்பறம் வந்து இப்படிச் சொன்னா எப்படி? ஊர் மானமே போகுதே!"

"மானத்தோட இருக்கோணும்னுதானுங்க சொல்றேன். என்னைத் திட்டிக்கங்க. ஆட்டத்தைச் சரிபண்ணிக் குடுங்க."

கீழேயிருந்து யாரோ என்னைத் துரோகி என்றார்கள். தங்கை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கவில்லை. சரிசெய்ய முடியாது, போன நேரத்தை எங்கே போய்ப் பிடிப்பது என்று தலைவர் கையை விரித்தபோது, கூட்டத்துக்குள்ளிருந்து பாய் டைரியோடு வந்தார். என்னை விட்டுவிடச் சொன்ன அதே பாய்தான். அந்தப் புள்ளிக்கு முன்னால் இருபத்துநான்கு சமம், ஐம்பத்திரண்டு வினாடி பாக்கி, அடுத்த ரெய்டு எங்கள் ஊருடையது என்று படித்துக் காட்டினார். அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடரச் சொல்வதைத் தவிரத் தலைவருக்கு வழியில்லை. தங்கை மகள் கோப்பையை மேசைமேல் டங்கென்று வைத்தாள். என்னை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத என்னால் ஆகாது.

நான் விசிலைக் கழற்றி, வேறு யாராவது ஊதுங்கள் என்று நீட்டினேன். வாழப்பாடித் தலைவி குறுக்கே வந்தாள்.

"அக்காவே ஊதட்டும். தப்பு யார் வேணா பண்ணுவாங்க. இவங்க பண்ணா சொல்லிடுவாங்க, இல்ல?"

விசிலைத் திரும்பவும் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஐம்பத்திரண்டு வினாடியில் முதல் ரெய்டு என் தங்கை மகள் போனாள். கோபத்தில் போனாள், அது காலில் தெரிந்தது. உள்ளே ஆழமாகப் போனவளின் கணுக்காலை அந்தத் தலைவி பாய்ந்து பிடித்துவிட்டாள். மற்றவர்களும் மேலே விழ, தங்கை மகள் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தாள். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. நான் புடவையோடு மண்ணில் குப்புறப் படுத்துக் கோட்டில் கண்ணை வைத்தேன். அவள் விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது. தொட்டுவிடு, தொட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் மூச்சு விட்டாள், கபடிப் பாட்டு நின்றது, விரல் கோட்டைத் தொடவில்லை. ஊதினேன். கையை அந்தப் பக்கம் காட்டினேன்.

இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு. இந்தமுறை அவர்களுக்கு. மிச்ச வினாடிகளும் புள்ளி இல்லாமல் ஓடி முடிந்தன.

அதற்குப் பிறகு என் கதை கொஞ்ச நாள் நன்றாக இல்லை. தங்கை வீட்டில் என்னோடு பேச்சு நின்றது. சொந்த ஊரைத் தோற்கடித்தவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஜாக்கெட் தைக்க வந்த ஒருத்தி, "அளவையாச்சும் படிச்சுப் பாத்து வெட்டுவீங்களாக்கா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்தாலும் ராத்திரி படுத்தால் அழுகைதான். ஊரார் திட்டியதற்காக இல்லை. நான் அந்தத் தாளைப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தங்கை மகள் பதற்றமும் கோபமும் இல்லாமல் அந்தக் கடைசி ரெய்டைப் போயிருப்பாள். ஒருவேளை ஜெயித்துமிருப்பாள். அதை மட்டும் என்னால் யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கிற ஆளும் நான் இல்லை. சேலத்தில் நடுவர்களுக்கான பயிற்சி நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடையை மூடிவிட்டு, வாரம் ஒருநாள் பஸ் ஏறினேன். விதிப் புத்தகத்தை மெஷினுக்கு மேலே வைத்துக்கொண்டு மிதித்தேன். வகுப்பில் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள். முதல் தடவை தேர்வில் தேறவில்லை. இரண்டாவது தடவை தேறினேன். சான்றிதழைப் பார்த்த பாய், "இனிமே டிவியில இருக்கறவன் உனக்கு அண்ணன் தம்பி, பாத்துத் திட்டும்மா" என்றார்.

தங்கை மகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கவில்லை. மார்க்கை வைத்தே சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, அங்கே அணியிலும் இடம் பிடித்துவிட்டாள். என்னிடம் மட்டும் ஆமாம், இல்லை என்ற அளவில்தான் பேச்சு.

இந்தத் தை மாதம் ஆத்தூரில் ஒரு போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். போய் இறங்கிய பிறகுதான் முதல் ஆட்டமே அவளுடைய கல்லூரி அணிக்கு என்று தெரிந்தது. என் சொந்தக்காரப் பெண் ஆடுகிறாள் என்று நானே முதலில் சொல்லிவிட்டேன். எதிரணிப் பெண்கள், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்றார்கள். என் பழைய கதை அந்தப் பக்கமெல்லாம் பரவியிருந்ததாம்.

"அவங்களுக்கு இல்லாம இருக்கலாம். எனக்குத்தான் இருக்குதுங்க. எங்க பெரியம்மா ஊதுனா நஷ்டம் எப்பவும் எங்களுக்குத்தான்" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பதா, தலையைக் குனிவதா என்று தெரியவில்லை. அவள் கமிட்டி மேசைக்குப் போனாள். அங்கே கிடந்த விதித் தாளை எடுத்து வந்து, மடிக்காமல் அப்படியே என் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"முதல்ல இதைப் படிங்க பெரியம்மா. சத்தமாப் படிங்க, நாங்களும் கேட்டுக்கறோம்."

இரண்டு அணிகளையும் எதிரில் நிற்க வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். படித்து முடித்ததும், அவளே தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இன்றைக்கும் கடையில் டிவி ஓடுகிறது, பாயோடு சண்டையும் ஓடுகிறது. ஆனால் திரையில் ஒரு நடுவர் தடுமாறி நிற்கும்போதெல்லாம், படிக்காமல் மடித்து வைத்த தாள் ஒன்று அவர் பையிலும் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே என் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.